இருபதாம் தேதி என்றாலே வயிறு கலங்குகிறது: ஏடிஹெச்டியோடு ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் யாராவது உண்டா?

மஞ்சப்பை · ஜூன் 30, இரவு 10.52

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடமாக ஜிஎஸ்டி, டிடிஎஸ் வேலை பார்க்கிறேன். வயது 33. போன பிப்ரவரியில்தான் எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) என்று டாக்டர் சொன்னார். துறுதுறுவென்று ஓடுகிற வகை இல்லை, கவனம் நழுவுகிற வகை. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஜன்னல் வழியே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிள்ளை என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்ட வேண்டும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதி 3பி (மாத வரிக் கணக்கு). மாதத்தில் எங்களுக்கு இந்த மூன்று நாள்தான் நாள். இந்த 20-ஆம் தேதி மூன்று பார்ட்டிகளுக்கு (எங்கள் வாடிக்கையாளர்கள்) 3பி-யில் எல்லாம் முடித்துவிட்டேன். கணக்கு பார்த்து, சலான் போட்டு, பணம் கட்ட வைத்து, வரியைக் கழித்தும் ஆயிற்று. ஓடிபி வாங்கி ஃபைல் பண்ணுகிற கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. ஓடிபி பார்ட்டியின் போனுக்குத்தான் போகும். ஒருவர் கல்யாண வீட்டில் இருந்தார், ஒருவர் போனை எடுக்கவில்லை, மூன்றாமவர் "அஞ்சு நிமிஷத்துல கூப்பிடுதேன்" என்றார். அந்த அஞ்சு நிமிஷத்தில் வேறொரு பார்ட்டி மஞ்சப்பை நிறைய பில்லோடு வந்து நின்றார். அவ்வளவுதான். முன்னே சொன்ன மூன்று பேரும் என் தலையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்கள்.

29-ஆம் தேதிதான் தெரிந்தது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் ஒன்பது நாள், மூன்று பேர், மொத்தம் 1,350 ரூபாய் தாமதக் கட்டணம். என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன், சார் வேண்டாம் என்றுவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எதுவும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். அது என்னை நாற்காலியில் உட்கார வைக்கிறது, உண்மை. ஆனால் எந்த வேலைக்காக உட்கார வேண்டும் என்று சொல்வதில்லை. சாரிடம் இந்த நோயைப் பற்றிச் சொல்லலாமா? வேலையையே மாற்றுவதா, அல்லது செய்கிற விதத்தை மாற்றினால் போதுமா? உங்கள் அனுபவம் வேண்டும். அறிவுரை வேண்டாம், வீட்டிலேயே போதுமான அளவு கிடைக்கிறது.


ரெண்டாவது பெட்டி · ஜூன் 30, இரவு 11.31

அந்தக் கடைசிப் பொத்தான் வியாதி எனக்கும் உண்டு. என் மெயிலில் எழுதி முடித்து அனுப்பாமல் கிடக்கிற கடிதங்களை வைத்து ஒரு தொகுப்பே போடலாம்.

நான் நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவன். வேடிக்கை என்னவென்றால், ஆபீஸில் எட்டு மணி நேரத்தில் செய்வதைவிட ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் அதிகம் செய்கிறேன். ரொம்ப நாள் இதற்குக் காரணம் புரியவில்லை. பிறகு பிடிபட்டது. ரயிலில் நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. இரணியல் தாண்டியதும் லேப்டாப்பைத் திறப்பேன். குழித்துறை வருவதற்குள் நேற்று ஆபீஸுக்கு வந்த புகார் டிக்கெட்டுகளுக்குப் பதில். பாறசாலைக்குள் இன்றைக்குச் செய்ய வேண்டிய மூன்றே மூன்று வேலையைத் தாளில் எழுதிவிடுவேன். நெய்யாற்றின்கரையில் கூட்டம் ஏறிவிடும், மூட வேண்டும். அதனால் அதற்கு முன்பே ஒரு கோட் ரிவ்யூ (புரோகிராம் சரிபார்ப்பு) முடிந்திருக்கும். ஆபீஸில் காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷனும் கிடையாது. எனக்கு அது முழுக்க ஒரே "இப்போது".

அதனால் ஆபீஸ் நாளையும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக வெட்டினேன். பதினொன்றரைக்கு சக ஊழியர் ஒருவரிடம் "இதை முடித்துவிட்டேன்" என்று காட்ட வேண்டும், ஒரு மணிக்கு இன்னொன்று. காட்ட ஆள் இல்லாவிட்டால் எனக்கு அந்த நேரமே இல்லாத மாதிரிதான்.


பழைய ஹெச்.எம். · ஜூலை 1, காலை 5.48

34 வருடம் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் காலத்தில் இதற்கு மறதி என்று பெயர். செல்போன் வந்த பிறகு ஊரில் யாருக்குத்தான் கவனம் இருக்கிறது? எல்லாருக்கும் ஒரு ஆங்கிலப் பெயரை ஒட்டிவிட்டால் வேலை நடந்துவிடுமா? அந்தப் பெண்ணின் நேர்மையைப் பாராட்டுகிறேன், சம்பளத்தில் பிடிக்கச் சொன்னதை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஒழுங்காக எழுதிப் பழகினால் தீருகிற விஷயத்துக்கு மாத்திரை எதற்கு?


மஞ்சப்பை · ஜூலை 1, காலை 8.15

சார், என்னிடம் இப்போது பதினோரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எல்லாவற்றிலும் முதல் நாலு பக்கம் மணிமணியான கையெழுத்து.


நைட் சிஸ்டர் · ஜூலை 1, காலை 9.02

சார், மறதி எல்லாருக்கும் உண்டு. மறதியால் ஒரே வருடத்தில் மூன்று வேலை போகிறதா என்பதுதான் வித்தியாசம். எனக்குப் போயிருக்கிறது.

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். மஞ்சப்பை, உங்கள் ஓடிபி கதையைப் படித்ததும் எனக்கு வார்டு ஞாபகம் வந்தது. மருந்து கொடுத்துக்கொண்டு போகும்போது நாலாம் கட்டிலில் "சிஸ்டர், டிரிப் தீந்துட்டு" என்பார்கள், ஏழாம் கட்டிலில் ஒரு பாட்டி குடிக்க வெள்ளம் கேட்பார், டாக்டர் ஃபைல் எங்கே என்பார். திரும்பி வந்தால் எந்தக் கட்டிலில் விட்டேன் என்றே தெரியாது. எங்கள் வேலையில் அபராதம் 50 ரூபாயில் நிற்காது.

நான் செய்தது ஒன்றுதான். மருந்துத் தட்டு கையில் இருக்கும்வரை யார் கூப்பிட்டாலும் "இந்தக் கட்டிலை முடிச்சிட்டு வாறேன்" என்று சத்தமாகச் சொல்வேன். அது கூப்பிட்டவருக்காக இல்லை, எனக்காக. என் காதில் என் குரல் விழ வேண்டும். அப்படியும் நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் தட்டைக் கீழே வைக்க மாட்டேன், கையோடு கொண்டு போவேன். கையில் கனம் இருந்தால் திரும்பி வந்துவிடுவேன். மூன்று வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

இன்னொன்று, நைட் டியூட்டி. ஒரு வாரம் நைட், ஒரு வாரம் டே என்று மாறி மாறி வந்தபோது நான் மனுஷியாகவே இல்லை. இன்சார்ஜ் அக்காவிடம் ஏடிஹெச்டி என்றெல்லாம் சொல்லவில்லை. "அக்கா, மாறி மாறி வந்தா எனக்குத் தூக்கம் கெட்டுத் தப்பு பண்ணிருவேன், சேர்த்துப் போட்டுத் தாங்க" என்றேன். நைட் யாருக்கும் பிடிக்காது என்பதால் உடனே சரி என்றார். பெயர்கூட அப்படித்தான் வந்தது.


எவர்சில்வர் · ஜூலை 1, மதியம் 2.40

மார்த்தாண்டத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். முதலாளி பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டாமா?

தங்கச்சி, உங்கள் சாரிடம் போய் "எனக்கு ஏடிஹெச்டி" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? பாவம், அவருக்கு என்ன தெரியும்? என்னிடம் ஒரு பையன் அப்படி வந்து சொன்னான். நான் கூகுளில் பார்த்தேன், பயந்துவிட்டேன். கல்லாவில் உட்கார வைக்கலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். தப்புதான், ஆனால் அப்படித்தான் தோன்றியது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

அதே பையன் ஒரு மாதம் கழித்து வந்து, "அண்ணே, நீங்க வாசல்ல நின்னு மூணு வேலைய ஒரே மூச்சுல சொல்றீங்க. மாடிக்குப் போறதுக்குள்ள ரெண்டு மறந்துருது. ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க, இல்லாட்டி சீட்டுல எழுதித் தாங்க" என்றான். இது எனக்குப் புரிந்தது. கல்லாப் பக்கத்தில் பில் குத்துகிற கம்பி ஒன்று உண்டு. அதேபோல இன்னொரு கம்பி வாங்கி வைத்தேன். வேலையைச் சீட்டில் எழுதிக் குத்திவிடுவேன், அவன் மேலே இருப்பதை உருவிக்கொண்டு போவான், முடித்துவிட்டு வந்து கிழித்துப் போடுவான். இப்போது கடையில் எல்லாருக்கும் அந்தக் கம்பிதான். எனக்கும் நல்லது. என்ன சொன்னேன் என்று நானே மறந்துவிடுகிற ஆள்.

நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். ஆனால் முதலாளி நாளைக் காலையில் எதை மாற்ற வேண்டும் என்று கையில் கொடுங்கள்.


புயல்காற்று · ஜூலை 1, மாலை 4.05

ஏடிஹெச்டி நோயே இல்லை, வரம். உலகத்தின் பெரிய தொழிலதிபர்கள் எல்லாருக்கும் இது உண்டு. உங்கள் மூளையைக் கொண்டாடுங்கள்!


நைட் சிஸ்டர் · ஜூலை 1, மாலை 4.11

வரம் கிடைத்தவர் அந்த 1,350-ஐ ஜிபே பண்ணிவிடட்டும்.


ஓபி சீட்டு · ஜூலை 1, இரவு 9.30

மனநலப் பிரிவில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன், எங்கே என்று கேட்க வேண்டாம். ஹெச்.எம். சார் கேட்டது நியாயமான கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செல்போனால் வரும் கவனச்சிதறலையும் இதையும் நாங்கள் பிரித்துத்தான் பார்க்கிறோம். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேட்டின்படி, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகளாவது இருந்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர் என்றால் கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ, துறுதுறுப்பு சார்ந்த ஒன்பதிலோ குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் அது வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும். போன வருடம் ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்த பிறகு வந்தது இதில் சேராது. தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே இதே வேஷத்தில் வரும். அதனால் இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாளை நிரப்பிவிட்டு நாமே முடிவு கட்டக்கூடாது.

அப்புறம், அது வெறும் மறதி இல்லை. மஞ்சப்பையிடம் 3பி எப்போது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தெரிந்தது, செய்ய வேண்டிய நிமிடத்தில் கைக்கு வருவதில்லை. ரஸ்ஸல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பல காலமாக வலியுறுத்துவது இதைத்தான்: என்ன செய்ய வேண்டும் என்று அறியாத சிக்கல் அல்ல இது, அறிந்ததைச் செய்ய முடியாத சிக்கல். எனவே உதவியும் வேலை நடக்கிற அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே நிற்க வேண்டும். பையில் கிடக்கிற பதினோரு நோட்டும் உதவாததற்கும், சிஸ்டர் கையிலிருக்கும் தட்டு உதவுவதற்கும் காரணம் இதுதான்.

சட்டம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் இருக்கின்றன, ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. வேலை செய்யும் இடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்று 20-ஆம் பிரிவு சொல்வதும் அரசு நிறுவனங்களுக்குத்தான். அதனால் ஐந்து பேர் உள்ள ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது. எவர்சில்வர் சொன்ன மாதிரி பேசித்தான் வாங்க வேண்டும்.

மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தில்பெனிடேட் கட்டுப்பாடுள்ள மருந்து, எல்லா மெடிக்கலிலும் வைத்திருக்க மாட்டார்கள். தீரும் நாளில் தேடினால் கிடைக்காது. மறதிக்கு எடுக்கும் மாத்திரை தீரப்போவதையும் நாமேதான் ஞாபகம் வைக்க வேண்டும் என்பது இந்த நோயின் குசும்பு. பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அட்டையில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், கோட்டைத் தொட்டதும் டாக்டருக்கு போன் செய்யுங்கள். மனசு ரொம்பத் தாழ்ந்து போனால் 14416-க்குக் கூப்பிடலாம், டெலிமானஸ், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.


பழைய ஹெச்.எம். · ஜூலை 2, காலை 5.35

படித்தேன். முழுக்க ஒப்புக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் "வேலை நடக்கிற இடத்தில்" என்ற விஷயம் இரவு தூங்கவிடவில்லை.

ஓய்வு பெற்ற முதல் வருடம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பேப்பர் படிக்க உட்கார்ந்தால் பதினொரு மணி. தென்னைக்கு உரம் வைக்க வேண்டும் என்று நினைத்து மழை போய்விட்டது. என் மனைவி, "பெல் அடிக்க ஆள் இல்லாம போச்சு உங்களுக்கு" என்றாள். பள்ளியில் 45 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். நான் பெரிய ஒழுங்கானவன் என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். ஒழுங்கு முழுக்க அந்த மணியில் இருந்திருக்கிறது போல.

இந்தப் பெண்ணுக்கும் யாராவது மணி அடித்தால் தேவலை. போன் அலாரம் வேண்டாம். அதை அணைக்கப் போய் வாட்ஸ்அப் பார்ப்பார்கள்.


மஞ்சப்பை · ஜூலை 2, காலை 7.50

சார், உண்மை. அலாரத்தை அணைக்கப் போனை எடுத்தால் அரை மணி நேரம் காலி.


ரெண்டாவது பெட்டி · ஜூலை 2, காலை 8.22

ரயில் இப்போது குழித்துறையில். சமையலறை டைமர் வாங்குங்கள், திருகிவிட்டால் டிக்டிக் என்று ஓடுமே, அது. போமோடோரோ என்று ஒரு முறை உண்டு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்துத் தொடங்கியது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. ஆனால் அந்த 25-ஐ வேதவாக்காக எடுக்க வேண்டாம். பிடிக்காத வேலையைத் தொடங்க எனக்கு 25 நிமிடம் என்பதே மலை, பத்து வைத்தால்தான் உட்காருவேன். பிடித்த வேலை என்றால் மணி அடித்தாலும் காதில் விழாது, மதியச் சாப்பாடே மறந்துபோகும். டைமரைக் கை எட்டாத இடத்தில் வைத்தால் அணைக்கவாவது எழுந்திருப்போம்.

இன்னொரு தந்திரம், பக்கத்தில் ஆள். சென்னையில் இருக்கும் நண்பனும் நானும் வீடியோ காலில் மைக்கை அணைத்துவிட்டு அவனவன் வேலையைப் பார்ப்போம். ஒரு வார்த்தை பேச மாட்டோம். வீட்டிலிருந்து வேலை செய்த இரண்டு வருடமும் என்னைக் காப்பாற்றியது அதுதான். அம்மா இன்றுவரை, "ரெண்டு பேருக்கும் சண்டையா மக்கா?" என்றுதான் கேட்கிறார்.


மழைக்காப்பு · ஜூலை 2, மதியம் 1.15

வேலையையே மாற்றுவதா என்று கேட்டீர்களே, மாற்றியவன் சொல்கிறேன். சென்னையில் ஏழு வருடம் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கோப்புகளோடு மல்லுக்கட்டினேன். எச்சரிக்கைக் கடிதம் மட்டும் நாலு வாங்கினேன். இப்போது குலசேகரம் பக்கம் அப்பாவின் ரப்பர் தோட்டம்.

பால் வெட்டு எனக்காகவே கண்டுபிடித்த வேலை என்று சொல்லுவேன். விடிவதற்கு முன்பே, குளிர் இருக்கும்போதே வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். இயற்கையே டெட்லைன் வைத்திருக்கிறது. ஒரு நாள் இந்தப் பாதி மரங்கள், மறுநாள் அந்தப் பாதி. 300 மரம் வரிசையாக நிற்கிறது, அடுத்தது என்ன என்று யோசிக்கவே வேண்டாம், கால் கொண்டு போகும். வெட்டிய மரத்தில் பட்டை ஈரமாக இருக்கும், வெட்டாதது காய்ந்திருக்கும். எதை விட்டேன் என்று மரமே சொல்லும்.

ஆனால் இதோடு கதை முடியவில்லை. பாலை உறைய வைத்தால் மறுநாள் காலையில் உருளையில் கொடுத்து ரப்பர் சீட் அடிக்க வேண்டும். முதல் வருடம் அதை எத்தனை முறை மறந்தேன் தெரியுமா? மழைக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்ட வேண்டும், ஒரு வருடம் "நாளைக்கு, நாளைக்கு" என்று தள்ளிப்போட்டு ஜூன் முழுக்க வெட்டில்லாமல் வீட்டில் உட்கார்ந்தேன். என் பெயருக்குக் காரணம் அந்த நஷ்டம்தான். கணக்கு நோட்டும் விண்ணப்பப் படிவமும் சென்னையிலிருந்து பஸ் பிடித்துப் பின்னாலேயே வந்துவிட்டன. இப்போது அதையெல்லாம் தங்கச்சி பார்க்கிறாள், பதிலுக்கு அவள் வீட்டுத் தேங்காய் வெட்டு முழுக்க என் பொறுப்பு.

வேலை மாறினால் பாதிச் சுமை இறங்கும். மீதிப் பாதியை யாரோடு மாற்றிக்கொள்வது என்று பாருங்கள். உங்கள் ஆபீஸில் நீங்கள் வெறுக்கிற வேலையை விரும்புகிற ஆள் ஒருவராவது இருப்பார்.


மஞ்சப்பை · ஜூலை 2, இரவு 11.05

எல்லாருக்கும் நன்றி. இன்று ஆபீஸில் என் மேஜையை ஒரு வெளியாள் மாதிரி நின்று பார்த்தேன். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், படியேறி வருகிற ஒவ்வொருவரும் முதலில் என் முகத்தில்தான் விழிப்பார்கள். கீழே மீனாட்சிபுரம் ரோட்டு ஹாரன். லேண்ட்லைன் போன் என் கையருகே. பார்ட்டிகளின் மஞ்சப்பை எல்லாம் இரும்பு பீரோவுக்குள். பீரோவைச் சாத்தினால் எனக்கு அந்தப் பார்ட்டி உலகத்திலேயே இல்லை.

பில் குத்துகிற கம்பியையும் சிஸ்டரின் தட்டையும் சேர்த்து யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. பையை பீரோவில் வைக்காமல் சுவரில் ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிடுவது. ஃபைல் ஆனால்தான் போர்ட்டலில் ஏஆர்என் என்ற ஒப்புகை நம்பர் வரும். அந்த நம்பரைச் சீட்டில் எழுதிப் பையில் பின் குத்தினால்தான் பை ஆணியிலிருந்து இறங்கலாம். சலான் போட்டாச்சு, வரி கழிச்சாச்சு, எல்லாம் சரி, ஏஆர்என் எங்கே? பை தொங்கினால் வேலை முடியவில்லை. இதற்கு என் மூளையை நம்ப வேண்டியதில்லை.

சாரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தயக்கம். ஆபீஸ் சுவரை ஓட்டை போட வேண்டும்.


எவர்சில்வர் · ஜூலை 3, காலை 10.20

கேளுங்கள். ஆனால் "மனசு சரியில்லை" என்று தொடங்காதீர்கள், முதலாளி உடனே லீவு கொடுத்து அனுப்பிவிடுவார். "சார், இனிமே 3பி விடாம இருக்க ஒரு வழி யோசிச்சிருக்கேன், இருபது ஆணி வேணும்" என்று தொடங்குங்கள். அபராதம் வராது என்று சொன்னால் சுவரையே இடிக்கச் சொல்வார்.


ஓபி சீட்டு · ஜூலை 3, இரவு 8.44

நல்ல யோசனை, ஒரு எச்சரிக்கையோடு. புதிய ஏற்பாடு எதுவானாலும் முதல் சில வாரம் நன்றாக ஓடும், புதுமைக்கு நம் மூளை மயங்கும். பிறகு ஆணியும் சுவரோடு சுவராகி, கண்ணில் படாமல் போகும். அப்போது "நான் உருப்பட மாட்டேன்" என்று உட்காராமல் பையின் நிறத்தையோ இடத்தையோ மாற்றிப் பாருங்கள். ஏற்பாடு பழசாவது உங்கள் குற்றம் இல்லை.


மஞ்சப்பை · ஜூலை 12, இரவு 10.18

நிலவரம் சொல்கிறேன். 4-ஆம் தேதி சாரிடம் பேசினேன். ஆணியில்தான் தொடங்கினேன், ஆனால் பாதியில் அழுகை வந்து, ஏடிஹெச்டி என்றும் சொல்லிவிட்டேன். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் யோசிக்கும் விதம், கோபம் இல்லை என்று ஆறு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் புரிந்தது. "சரி, உனக்கு என்ன வேணும், எழுதிக் குடு" என்றார். மூன்று கேட்டேன்: மேஜையைத் திருப்பிப் போடுவது, சுவரில் ஆணி, 9 முதல் 11-ஆம் தேதி வரையும் 18 முதல் 20-ஆம் தேதி வரையும் போன் வேறு யாராவது எடுப்பது. மூன்றுக்கும் சரி என்றார். மழைக்காப்பு அண்ணன் சொன்னபடி ஒருவரோடு வேலையை மாற்றியும் கொண்டேன். எங்கள் ஜூனியர் பெண்ணுக்கு போனில் பேசுவது பிடிக்கும், நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது பிடிக்காது. எனக்கு நேர்மாறு. நோட்டீஸ் எல்லாம் இப்போது என்னிடம்.

7-ஆம் தேதி டிடிஎஸ் நன்றாகப் போயிற்று. 11-ஆம் தேதிதான் சறுக்கல். ஜூனியர் லீவு, போன் முழுக்க என் தலையில். அருமனைப் பக்கத்து ரப்பர் வியாபாரி ஒருவருடைய ஜிஎஸ்டிஆர்-1-ஐ இரவு 11.20-க்குத்தான் ஃபைல் பண்ண முடிந்தது. தவறியிருந்தால் அவரிடம் ரப்பர் சீட் வாங்கியவர்களுக்கு இந்த மாத 2பி-யில் (வாங்கியவர் கழித்துக்கொள்ளும் வரிப் பட்டியல்) வரவு வந்திருக்காது, சண்டை பெரிதாகியிருக்கும். தப்பியது எப்படி என்றால், வீட்டுக்குக் கிளம்பி விளக்கை அணைக்கப் போனேன், சுவரில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.


பழைய ஹெச்.எம். · ஜூலை 13, காலை 5.40

இரவு பதினொன்றரைக்கு ஒரு பெண் தனியாக ஆபீஸில் இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். எட்டு மணிக்கு யாராவது போன் செய்து "எத்தனை பை தொங்குகிறது?" என்று கேட்க ஆள் உண்டா? இல்லாவிட்டால் நான் கேட்கிறேன். எனக்கும் அந்த நேரத்தில் வேறு வேலை இல்லை. உள்பெட்டியில் நம்பர் போட்டிருக்கிறேன்.


நைட் சிஸ்டர் · ஜூலை 13, காலை 7.30

பெல் அடிக்க ஹெச்.எம். சாரே வந்துவிட்டார்.


மஞ்சப்பை · ஜூலை 21, காலை 9.45

நேற்று 20. மொத்தம் 26 பை. மாலை ஆறு மணிக்கு ஒன்பது தொங்கியது. எட்டு மணிக்கு சார் (ஹெச்.எம். சார், ஆடிட்டர் சார் இல்லை) போன் செய்தபோது நாலு. கொளச்சலில் படகு இன்ஜின் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் பார்ட்டி எப்போதும் ஓடிபிக்கு அலைய விடுவார், இப்போது விசைப்படகுத் தடைக்காலம் என்பதால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தார், உடனே கொடுத்துவிட்டார். ஓடிபிக்குக் காத்திருக்கும்போது சிஸ்டர் சொன்னபடி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். வேறு பார்ட்டி வந்தபோது, "இந்தப் பைய முடிச்சிட்டு வாறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். வந்தவர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை.

9.10-க்குக் கடைசிப் பை இறங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கரண்ட் பில் கட்ட மறந்து நேற்றுத்தான் மின்வாரியத்திலிருந்து ஆள் வந்து போனார். வீட்டுச் சுவரிலும் ஆணி அடிக்க அம்மா விடமாட்டேன் என்கிறார்.


ரெண்டாவது பெட்டி · ஜூலை 21, காலை 9.58

பிரிட்ஜ் கதவில் காந்தக் கொக்கி ஒட்டிப் பாருங்கள். ஓட்டை விழாது, அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்.


எவர்சில்வர் · ஜூலை 21, காலை 11.12

26 பையும் ஒரே வரிசையிலா? எத்தனை இஞ்ச் ஆணி? என் கடை குடோனிலும் இதே மாதிரி செய்யலாம் என்று பார்க்கிறேன், வரவேண்டிய சரக்குக்கு.


மஞ்சப்பை · ஜூலை 21, மதியம் 1.30

இரண்டு வரிசை அண்ணே, இரண்டு இஞ்ச். கான்கிரீட் ஆணி வாங்குங்கள். சாதா ஆணி அடித்த முதல் நாளே மூன்று பை கீழே விழுந்தது.